பாட்டு வந்தால் குதிரைக்கு ஓய்வு

அன்புள்ள தங்கைக்கு,

பழைய ஹாலிவுட்டின் பாடும் கௌபாய் படங்கள் இரண்டைப் பார்த்துவிட்டு நீ கேட்டது ஒரே கேள்வி. "திருடனைத் துரத்திப் போகிறவன் பாதி வழியில் குதிரையை நிறுத்திவிட்டு ஏன் பாடுகிறான்?" அடுத்த மாதம் ஆறு நாளில் ஒரு படத்தை முடிக்கப்போகிறவள் நீ. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தப் படங்களில் இருந்த சரக்கிலேயே மலிவானது பாட்டுதான். பாட்டு இல்லையென்றால் படம் குறித்த நாளுக்குள் முடிந்திருக்காது.

கணக்கைப் பார். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆறு ரீல் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்தப் படங்களை நிறைய எடுத்த ரிபப்ளிக் ஸ்டுடியோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தன் படங்களைச் செலவுவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. அதில் மிகக் குறைந்த செலவுப் பிரிவுக்கு ‘ஜூபிலி’ என்று பெயர். ஏழு நாள் படப்பிடிப்பு, சுமார் 50,000 டாலர். 1930களில் இதைவிடவும் கையிறுக்கம். ஒரு வாரத்தில் ஒரு மணி நேரப் படம் என்றால் நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து நிமிடம் தேற வேண்டும். மதுக்கடைச் சண்டையில் அரை நிமிடம் தேறுவதற்குள் டூப், உடையும் நாற்காலி, நான்கைந்து கோணம் என்று அரை நாள் போய்விடும். இரண்டரை நிமிடப் பாட்டுக்கு மூன்று கோணம் போதும்: பாடுகிறவர் முழு உருவம், முகம், சுற்றி உட்கார்ந்து கேட்கிறவர்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம். ஐந்து பாட்டு வைத்தால் படத்தில் ஐந்திலொரு பங்கு முடிந்தது. குதிரைகளுக்கும் அந்த நேரம் ஓய்வு.

முதலில் பாடியவர் கௌபாய் நடிகர் கென் மேனார்ட், 1929இல். ஆனால் அது சூத்திரமாகவில்லை. 1933இல் ஜான் வெய்னையே ‘சிங்கிங் சாண்டி’ என்ற பாத்திரத்தில் பாட வைத்தார்கள். குரல் அவருடையது அல்ல. இரவல் குரலை வைத்துப் படத்தை ஓட்டலாம், ரேடியோவில் விற்க முடியாது. ஜீன் ஆட்ரி வந்தபோதுதான் கணக்கு நேரானது. அவர் சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் பாடிப் பெயர் வாங்கியிருந்தார். சியர்ஸ் நிறுவனம் அவர் பெயரில் கிதார் விற்றுக்கொண்டிருந்தது. 1935இல் அவர் நாயகனாக நடித்த முதல் முழுநீளப் படம் வெளியானது. அதன் தலைப்பே பாப் நோலன் எழுதிய ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ பாட்டின் பெயர்தான். ரேடியோவில் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் படத்துக்கு விளம்பரம், அதுவும் காலணா செலவில்லாமல்.

ரிபப்ளிக் உருவான விதத்தையும் தெரிந்துகொள். ஹெர்பர்ட் யேட்ஸ் பிலிம் கழுவும் லேப் வைத்திருந்தவர், ‘கன்சாலிடேட்டட் பிலிம் இண்டஸ்ட்ரீஸ்’. மாஸ்காட், மோனோகிராம் போன்ற சிறு கம்பெனிகள் அவரிடம்தான் பிரிண்ட் போட்டன. அவர்களின் லேப் கடனையே பிடியாக வைத்து 1935இல் எல்லோரையும் ஒரே கம்பெனியாக்கினார். எத்தனை படம் எடுத்தாலும் கழுவும் காசு அவர் லேபுக்கே திரும்பியது. அந்த வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இனி உனக்கு உதவுகிற விஷயம். பாட்டை முன்கூட்டியே ஸ்டுடியோவில் பதிவு செய்து, படப்பிடிப்பில் ஒலிபெருக்கியில் ஓட்டி வாயசைக்க வைப்பார்கள். நம்மூர் பாட்டு ஷூட்டிங் பார்த்தவளுக்கு இது புதிதல்ல. ஆனால் வெட்டவெளியில் குதிரைமேல் வைத்து எடுக்கும்போது எங்கே உதைக்கும் என்று பார். கேமராவின் மோட்டாரும் பாட்டை ஓட்டும் கருவியும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் 150 வினாடிப் பாட்டின் முடிவில் ஒன்றரை வினாடி விலகல், அதாவது வினாடிக்கு 24 பிரேம் கணக்கில் 36 பிரேம். மூன்று பிரேம் விலகினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதே பிசகு பத்து வினாடி ஷாட்டில் இரண்டரை பிரேம்தான், கண் மன்னித்துவிடும். அதனால்தான் பல்லவி ஒரு ஷாட், பிறகு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கிழவரின் முகம், பிறகு மறுபடி பாடகர். கிழவரின் முகம் உணர்ச்சிக்காக மட்டும் வரவில்லை, அங்கே விலகல் பூஜ்யமாகிறது. நீயும் பாட்டை மொத்தமாக ஒரே ஷாட்டில் எடுக்க ஆசைப்படாதே. கேட்கிறவர் முகங்கள் நான்கையாவது தனியாக எடுத்து வை.

குதிரையில் உட்கார்ந்து கிதார் வாசிக்க இரண்டு கையும் வேண்டும். கடிவாள வாரைச் சேணத்தின் கொம்பில் மாட்டிவிட்டுக் குதிரையைத் தானாக நடக்க விட வேண்டியதுதான். நடை மட்டும்தான். குதிரை துள்ளு நடைக்கு மாறினால் தொப்பி குதிக்கும், குரல் மட்டும் வழவழவென்று போகும். பொய் அங்கே வெளிப்பட்டுவிடும். ஸ்டுடியோவுக்குள் பொம்மைச் சேணத்தில் ஏற்றிப் பின்னால் திரையில் பாதையை ஓட்டியும் எடுத்தார்கள். அதில் பின்னணி வெளிறிப்போகும். கழுத்துத் துணியும் காற்றே இல்லாமல் தொங்கும். ஆட்ரியும், இன்னொரு பாடும் நாயகன் ராய் ராஜர்ஸும் நிஜமாகவே கிதார் வாசிப்பவர்கள் என்பதால் இடது கை விரல்கள் பாட்டோடு ஒத்துப்போகும். வாசிக்கத் தெரியாத நடிகர் என்றால் மார்புக்கு மேல் ஷாட் வை, வேறு வழியில்லை.

இரவு நேரப் பாட்டைப் பகலில் எடுப்பது இன்னொரு சிக்கனம். கருப்பு வெள்ளை பிலிமில் சிவப்பு பில்டர் போட்டால் நீல வானம் கறுத்துவிடும். கேமராவுக்குள் விழும் ஒளியை இரண்டு ஸ்டாப், அதாவது நாலிலொரு பங்காகக் குறைத்து, சூரியனை நடிகரின் பின்பக்கம் வைத்தால் நிலா வெளிச்சம் போல விளிம்பில் ஒளி விழும். ஆனால் சிவப்பு பில்டர் உதட்டையும் முகத்தையும் சுண்ணாம்பாக்கிவிடும். பாடகரின் வாயசைவே காணாமல் போகும். அதற்காகத்தான் 23ஏ எண் சிவப்பு பில்டரோடு 56ஆம் எண் பச்சை பில்டரைச் சேர்த்துப் போடும் வழக்கம் வந்தது. வானம் கறுக்கும், தோல் தப்பிக்கும். மேகம் வந்தால் மட்டும் தப்பு தெரிந்துவிடும். வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியாது என்பதால் நெருப்பைச் சுற்றிப் பாடும் காட்சியைச் செட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

துரத்தல் பற்றிச் சுருக்கமாக. வினாடிக்கு 24க்குப் பதில் 20 பிரேமில் எடுத்தால் வேகம் ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. 18க்குக் கீழே போனால் புழுதி சீக்கிரம் அடங்குவதே காட்டிக்கொடுக்கும். பழைய படங்களின் துரத்தல் துண்டுகளையும் தயங்காமல் ஒட்டினார்கள். வார்னர் நிறுவனம் 1932-33இல் வெய்ன் படங்களில் மேனார்டின் மௌனப் படத் துண்டுகளைச் சேர்த்தது. அதற்காக வெய்னுக்கு மேனார்டைப் போலவே உடையும் ஒரு வெள்ளைக் குதிரையும். குதிரையின் நெற்றி வெள்ளையும் கால் வெள்ளையும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் கண்டுபிடிப்பது குழந்தைகள்தான். இடமும் அப்படியே: லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருந்த ஐவர்சன் பண்ணைப் பாறைகளுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். லோன் பைன் 200 மைலுக்கு மேல், தங்கும் செலவு ஆகும்.

ஒன்றை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. குதிரை தலைகுப்புற விழுவதற்காக முன்னங்கால்களில் பட்டை கட்டி, கம்பியை வயிற்றுப் பட்டை வளையம் வழியாக எடுத்துத் தரையில் முளையடித்து வைப்பார்கள். கம்பி நீளம் முடிந்ததும் ஓடுகிற குதிரையின் கால் வாரிக்கொள்ளும். பல குதிரைகள் எழுந்திருக்கவேயில்லை. 1940இல்தான் அமெரிக்க விலங்கு நலச் சங்கம் படப்பிடிப்பைக் கண்காணிக்கத் தொடங்கியது. இந்தப் படங்களை நேசிக்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

பார்க்க வேண்டியவர்களில் ஹெர்ப் ஜெஃப்ரீஸை விட்டுவிடாதே. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குத் தனிக் கொட்டகை என்றிருந்த காலத்தில், அந்தக் கொட்டகைகளுக்காக 1937 முதல் 1939 வரை வந்த நான்கு படங்களின் பாடும் நாயகன். கலிபோர்னியாவின் விக்டர்வில் பக்கத்தில் கறுப்பினத்தவர் நடத்திய பண்ணையில் எடுத்தார்கள். ஆட்ரி படங்களை விடவும் பணம் குறைவு, அது திரையில் தெரியும். ஆனால் ‘ஃபோர் டோன்ஸ்’ குழுவோடு அவர் பாடத் தொடங்கியதும் அந்தக் குறை நினைவில் நிற்பதில்லை. பிறகு டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்குழுவில் பாடியதும் இதே குரல்தான்.

பிரதி தேடும்போது முதலில் நேரத்தைப் பார். 53, 54 நிமிடம் என்றிருந்தால் அது 1950களில் தொலைக்காட்சியின் ஒரு மணி நேர இடத்துக்காக வெட்டிய பிரதியாக இருக்கலாம். பல பிரதிகளில் பாட்டு பாதியில் அறுந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் "சம்பந்தமில்லாத பாட்டு" என்கிறார்கள். நீ பார்த்த இரண்டும் அப்படிப்பட்டவையோ என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்ததாக 1938இல் வந்த ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ பார். முழுப் பிரதி 65 நிமிடம். ஆட்ரி சம்பளத் தகராறில் படப்பிடிப்புக்கு வராமல் போனதால், அவருக்காக வைத்திருந்த கதையில் லியோனார்ட் ஸ்லை என்ற இளைஞரை ராய் ராஜர்ஸ் என்று பெயர் மாற்றி இறக்கினார்கள். வறட்சியில் காய்ந்த ஊருக்குத் தண்ணீர் கேட்டு வாஷிங்டன் போகிற மக்கள் பிரதிநிதி வேடம். அங்கே விருந்துக்கு வந்த பெரிய மனிதர்களுக்கு அவர் ஒரு செய்திப்படம் போட்டுக் காட்டுகிறார். வெடித்த நிலம், மண் மூடிய வேலி, சாகும் மாடுகள். அதன்மேல் ‘டஸ்ட்’ பாட்டு ஓடுகிறது. வாயசைவு வேண்டாம், குதிரை வேண்டாம், செட் வேண்டாம், இருக்கிற துண்டுகளும் ஒரு குரலும் மட்டும். அந்தப் பாட்டு ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்