சேகருக்கு, கார் விஷயமாக

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

சரி, கார். பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், மெர்சிடிஸ் இ-கிளாஸ், லெக்சஸ் இஎஸ் மூன்றையும் வைத்துக்கொண்டு குழம்புவதாக எழுதியிருந்தாய். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்ற கணக்கை முதலில் மூட்டை கட்டு. மூன்றிலுமே உனக்கு வேகம் மிஞ்சும். நீ பார்க்க வேண்டியது டயர்.

சிரிக்காதே. இந்த ரகக் கார்களில் 17 அங்குலச் சக்கரத்துக்கு 225/55 டயர் (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம்) போட்டால் பக்கச்சுவர் சுமார் 124 மி.மீ. உயரம் இருக்கும். 20 அங்குலத்துக்கு 245/35 என்றால் வெறும் 86 மி.மீ. பள்ளத்தில் இறங்கும்போது அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். அது குறையக் குறைய அடி சீட்டுக்கு வந்துவிடும். ஷோரூமில் பெரிய சக்கரம் பார்க்க அழகுதான், பின்சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அதனால் என்ன லாபம்? பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் என்றால் பக்கச்சுவர் இன்னும் விறைப்பு. அதை நம்பி ஸ்டெப்னியே வைக்காத கார்களும் உண்டு.

ஓட்ட எனக்குப் பிடித்தது 5 சீரிஸ். வளைவுகளில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். ஆனால் முன்னால் இருக்கும் இன்ஜினின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகும் பின்சக்கர இழுவை, அதற்கான தண்டு அடியில் ஓடுவதால் காருக்குள் தரையின் நடுவே பெரிய மேடு, பின்னால் மூன்றாவதாக உட்காருபவர் காலை வைக்க இடம் தேட வேண்டும். இ-கிளாஸும் அப்படித்தான். அதன் புது மாடலில் ஏசியைக் கூட்டிக் குறைக்கவும் திரையைத்தான் தொட வேண்டியிருக்கிறது. ஓட்டும்போது இது என்ன வேலை!

லெக்சஸ் இஎஸ்ஸின் ஹைபிரிட் மாடலான இஎஸ் 300எச் முன்சக்கர இழுவை. 2.5 லிட்டர் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து சுமார் 215 குதிரைத்திறன் தருகின்றன. நெரிசலில் ஊர்ந்து போகும்போது பல நேரம் இன்ஜின் அணைந்தே இருப்பதால் சத்தம் இல்லை. அழுத்தி மிதித்தால் மட்டும் ஒரே சுருதியில் இரையும். நீ அப்படியெல்லாம் மிதிக்கிற ஆளில்லை. உன் நிலையில் நான் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் அழைத்துப் போ. செடான் சீட் தாழ்வு, யார் கையையும் பிடிக்காமல் அவரால் எழுந்து இறங்க முடிகிறதா என்று பார். வழவழப்பான சாலையில் மட்டும் ஓட்டிவிட்டு வந்துவிடாதே. அப்புறம், அந்த டெஸ்ட் காரின் டயர் அளவைக் குறித்துக்கொள். நீ வாங்கப்போகும் வேரியண்டிலும் அதே அளவுதானா என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
ரவி