பாட்டை எழுதியவள் எங்கே?

பாட்டுச் செயலிகளில் பட்டியல் போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். அக்கா மகள் மேற்படிப்புக்காக வெளியூர் கிளம்பினாள். ஒரு பாட்டுத் தொகுப்பு செய்து கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். துண்டுச்சீட்டில் லிஸ்ட் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, ரெண்டு நாள் கழித்து கேசட்டை வாங்கிவந்த தலைமுறை நான். அதனால் பழைய கணக்குதான்: 90 நிமிடம், சைடுக்கு 45. நிபந்தனை இரண்டு. பாட்டில் யாராவது எங்காவது கிளம்ப வேண்டும். எழுதியதும் மெட்டுப் போட்டதும் பாடியதும் ஒரே பெண்ணாக இருக்க வேண்டும்.

என் போனில் இருக்கும் செயலியில் தேடினால் வந்ததெல்லாம் 'பெண் குரல்கள்'. குரல் சரி, வார்த்தை யாருடையது? ஒவ்வொரு பாட்டுக்கும் ஓரத்துப் புள்ளிகளைத் தட்டி, உள்ளே போய், இன்னொரு தட்டு தட்டித்தான் எழுதியவர் பெயரைப் பார்க்க முடிந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை.

அப்படித் தோண்டும்போதுதான் ஒன்று பிடிபட்டது. புறப்பாட்டைப் பற்றிய இந்தப் பாட்டுகளில் பலவும் தாங்களே புறப்பட்டுப்போய் வேறு குரலில் பெயர் வாங்கியவை. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்றால் எல்லோருக்கும் 1992-இல் பாடிய விட்னி ஹூஸ்டன்தான். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் அதை எழுதியது 1973-இல். தன்னை டிவியில் பிரபலமாக்கிய பாடகர் போர்ட்டர் வேகனரின் நிகழ்ச்சியை விட்டு விலகுவதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பாட்டாக எழுதினார். எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டபோது, அவர் மேலாளர் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி தரவில்லை. அந்த ஒரு மறுப்புக்காகவே ஏ சைடின் முதல் பாட்டு அவருடையது.

அடுத்தது எலிசபெத் காட்டன். வட கரோலினாவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். 'ஃபிரைட் டிரெயின்' (சரக்கு ரயில்) சிறுமியாக இருந்தபோது எழுதியது. இடதுகைக்காரர், கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வாசிப்பார். பிறகு வீட்டு வேலைக்குப் போனார். வேலை செய்த வீடு இசைக் கலைஞர்களான சீகர் குடும்பத்தாருடையது, அங்கேதான் அவர் வாசிப்பு வெளியே தெரிந்தது. ஆனால் 1957-இல் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் ஹிட்டானபோது, எழுதியவர்கள் என்று போட்டிருந்தது வேறு இரண்டு பேர் பெயர். உரிமை பிற்பாடுதான் அவரிடம் வந்தது. கிராமி விருது வந்தது 1985-இல், தொண்ணூறு வயதுக்கு மேல்!

கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் 'போத் சைட்ஸ் நவ்'வில் யாரும் கிளம்பவில்லைதான். விமானத்தில் உட்கார்ந்து கீழே மேகத்தைப் பார்த்து எழுதியது என்பதால் சலுகை கொடுத்துவிட்டேன். அதையும் முதலில் ஹிட்டாக்கியது ஜூடி காலின்ஸின் குரல்.

டிரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்' (1988) இல்லாமல் இந்த கேசட் இல்லை. 2023-இல் அமெரிக்க கன்ட்ரி பாடகர் லூக் கோம்ப்ஸ் அதை மறுபடி பாடியபோது, அங்குள்ள கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் அந்த ஆண்டுப் பாடல் விருது சாப்மனுக்குப் போனது. காரணம் எளிது, அது பாட்டை எழுதியவருக்குத் தரும் விருது. ஒரு கருப்பினப் பாடலாசிரியருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' (2007) கூட்டாக எழுதியது, நிபந்தனைப்படி தள்ளியிருக்க வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டனுக்கு அகதியாகப் போன பெண், அமெரிக்க விசா கிடைக்காத கடுப்பில் பாடியது. ஆல்பத்துக்கு வைத்ததோ அம்மா பெயர், 'கலா'. விட மனசு வரவில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று வரிசையாகச் சொல்வார்களே, அதைப் பாட்டு ஓடும் அதே திரையில் போடுங்கள். எழுதியவர் பெயரைத் தட்டினால் அவர் எழுதிய எல்லாம் வரட்டும், யார் பாடியிருந்தாலும். 'பெண் குரல்கள்' பட்டியல் அதுபாட்டுக்கு இருக்கட்டும், அதன் பக்கத்தில் 'அவளே எழுதி அவளே பாடியது' என்று இன்னொன்று வையுங்கள்.

பி சைடில் இன்னும் ஆறு நிமிடம் மிச்சம் இருக்கிறது. தானே எழுதி மெட்டமைத்துப் பாடும் ஒரு தமிழ்ப் பெண்ணின் பாட்டைப் போட வேண்டும். உங்கள் செயலியில் அதை எந்த வார்த்தை போட்டுத் தேடினால் கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கேசட்டை முடிக்க முடியாத ஒரு சித்தி