வைட்டமின் டி3 பிரீமிக்ஸ்: ஒரு பேட்சில் குறைவு, மறு பேட்சில் மிகை

அனுப்புநர்: முட்டைக்கோழிப் பண்ணை, நாமக்கல் மாவட்டம்
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர், தீவன பிரீமிக்ஸ் பிரிவு

ஐயா,

வணக்கம். போன் போட்டு, மெயில் போட்டு, உங்கள் டெப்போ வாசலில் காத்துக் கிடந்து அலுத்துப்போய் எழுதுகிறோம். டி3 கோழி உடம்பில் என்ன செய்யும் என்பது அதை விற்கிற உங்களுக்குத் தெரியாததா? உங்கள் டெக்னிக்கல் ஆள் பேசியதைக் கேட்டால்தான் சந்தேகம் வருகிறது.

உங்கள் பிரீமிக்ஸை, அதாவது தீவனத்தில் கலக்கும் வைட்டமின் முன்கலவைப் பொடியை, டன்னுக்கு 500 கிராம் போட்டால் கிலோ தீவனத்துக்கு 3000 யூனிட் டி3 என்பது உங்கள் லேபிள். அப்படியேதான் கலந்தோம். சில வாரங்களில் ஓடு மெலிந்தது, டிரேயில் ஓடில்லாத தோல் முட்டை விழுந்தது, லாரியில் ஏற்றுவதற்குள் பாதி உடைசல். கோழிகள் நிற்க முடியாமல் பென்குயின் மாதிரி பின்பக்கம் ஊன்றி உட்கார்ந்தன. அலகை விரலால் அழுத்தினால் மடங்கியது. அறுத்துப் பார்த்ததில் நெஞ்செலும்பு கோணல், விலா எலும்புகள் நடுவில் உள்வாங்கியிருந்தன, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி பெருத்திருந்தது. ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் வேண்டும். குடல் அதை உறிஞ்ச டி3 இல்லையென்றால் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு போடும்.

இதைச் சொன்னபோது உங்கள் ஆள் முதலில் கால்சியத்துக்காகப் போடும் கிளிஞ்சலைக் கூட்டச் சொன்னார். உறிஞ்சுகிற வழியே அடைபட்டிருக்கும்போது கிளிஞ்சலைக் கொட்டி என்ன பயன்? அடுத்து, "அப்படின்னா கோழியை வெயில்ல விடுங்க" என்று சிரித்துவிட்டு போனை வைத்தார். கூண்டுக் கோழி ஐயா! ஷீட் கூரைக்குக் கீழே மூன்றடுக்குக் கூண்டு. புற ஊதாக் கதிர் கால் தோலில் நேராகப் பட்டால்தான் டி3 உண்டாகும். அது கிடைக்காத ஷெட்டுக்காகத்தானே காசு கொடுத்து உங்கள் பையை வாங்குகிறோம்?

பிறகு மாற்று பேட்ச் அனுப்பினீர்கள், அதற்கு நன்றி. கூடவே தண்ணீரில் லிக்விட் டி3 இரட்டை டோஸ் போடச் சொன்னதும் அதே ஆள்தான். அதை எழுத்தில் தரக் கேட்டோம், தரவில்லை. ஓடு தேறியது உண்மை. அதன்பின் ஓட்டின் மேல் பரு பருவாகச் சுண்ணாம்பு முண்டு வந்தது. தீவனம் எடுப்பு குறைந்து, தண்ணீர் அதிகம் குடித்து, எச்சம் நீர்த்தது. சாவு தொடங்கியது. சிறுநீரகம் வீங்கி வெளுத்திருந்தது, இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளை யூரேட் (யூரிக் அமில உப்பு) படலம்.

இது ஐபி (வைரஸால் வரும் மூச்சுக்குழல் தொற்று) நோய், அல்லது கால்சியம் அதிகம் என்று தட்டிக்கழிக்கப் பார்க்காதீர்கள். எங்கள் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதம், முட்டையிடும் கோழிக்கு வழக்கமான அளவு. ஆய்வகத்தில் சிறுநீரகக் குழல்களிலும் பெருந்தமனிச் சுவரிலும் கால்சியம் படிந்திருந்தது, கால்சியப் படிவைக் காட்டும் வான் கோசா சாயத்தில் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. அது டி3 மிகையின் அடையாளம். அதோடு முடியவில்லை: முதல் பேட்ச் பிரீமிக்ஸில் டி3 லேபிள் அளவில் பாதிகூட இல்லை, மாற்று பேட்சில் பல மடங்கு. டி3 கொழுப்பில் தங்குகிற வைட்டமின். பையை நிறுத்திவிட்டோம், ஆனாலும் சாவு நிற்கவில்லை.

தப்பு எங்கே நடந்திருக்கும் என்று ஊகிப்பது பெரிய வித்தையல்ல. கிராமுக்கு 5 லட்சம் யூனிட் உள்ள டி3 பொடி ஒரு டன் தீவனத்துக்கு வெறும் 6 கிராம் போதும். அதைச் சிறு அளவு கேரியரில் (பொடியைத் தாங்கும் பொருளில்) முன்கலவை செய்யாமல் பெரிய மிக்ஸரில் கொட்டினால் ஒரு பையில் ஒன்றுமிருக்காது, அடுத்த பையில் விஷமாகும். போதாததற்கு கோலின் குளோரைடையும் தாது உப்புகளையும் அதே பையில் போட்டு, டெப்போவின் தகரக் கூரைக்கடியில் அடுக்கி வைக்கிறீர்கள். ஈரம் இழுக்கிற கோலினோடு சித்திரை வெயிலில் கிடந்தால் வைட்டமின் தாங்குமா? சாம்பிளைத் தூக்கிக்கொண்டு அந்த டெப்போவுக்கு வந்த அன்று, "சாம்பிள் வாங்குற அதிகாரம் இங்க இல்ல" என்று கேட்டிலேயே திருப்பியனுப்பினார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாமே!

இரண்டு தலைமுறைப் பண்ணை தரைமட்டமாகிவிட்டது. வியாபாரி எங்கள் வண்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறார்.

தயவுசெய்து இரண்டு பேட்சின் தயாரிப்புப் பதிவேட்டையும், நீங்கள் எடுத்துவைத்திருக்கும் மாதிரியில் டி3 அளவைக் காட்டும் எச்பிஎல்சி பரிசோதனை முடிவையும் அனுப்புங்கள். பிரீமிக்ஸ் விலை, செத்த கோழி, உடைந்த முட்டை எல்லாவற்றுக்கும் ஈடு கொடுங்கள். மாற்று பேட்ச் வேறு எந்தப் பண்ணைக்குப் போயிருந்தாலும் இன்றே திரும்பப் பெறுங்கள். அங்கேயும் கோழி செத்துக்கொண்டிருக்கும். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், நுகர்வோர் ஆணையத்துக்கும் போவோம். வணிக வாங்கல் என்று அங்கே தப்பிக்க நினைக்க வேண்டாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நுகர்வோர்தான்.

சுமுகமாக முடிப்பதையே விரும்புகிறோம். பேச வேறு யாரையாவது அனுப்புங்கள், அந்த வெயில்காரர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பண்ணை உரிமையாளர்

இணைப்பு: பில் நகல்கள், பை லேபிள் படங்கள், ஆய்வக அறிக்கைகள். இரண்டு பேட்சிலும் பிரிக்காத பை ஒவ்வொன்று சீலோடு எங்களிடம் இருக்கிறது. உங்கள் ஆள் முன்னிலையில்தான் திறப்போம்.