எவ்வளவு பெரிய பிரிண்ட்?

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 35 மி.மீ. கேமராவா, மீடியம் ஃபார்மேட்டா என்று கேட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பார்த்த கேமராக்கள், லென்ஸ்கள் எல்லாவற்றின் பெயரும் வந்துவிட்டன. எவ்வளவு பெரிய பிரிண்ட் போடப் போகிறாய் என்பதை மட்டும் காணோம். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

சின்னக் கேமராவின், அதாவது 35 மி.மீ.யின், நெகட்டிவ் (பிலிமில் பதியும் படம்) 24×36 மில்லிமீட்டர். மீடியம் ஃபார்மேட் கேமராவில் போடும் அகலமான 120 பிலிமில் விழும் சதுரப் படம் 56×56. பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். 8×10 அங்குலத் தாளில் போட்டால் சின்ன நெகட்டிவை எட்டரை மடங்கு பெரிதாக்குகிறோம், சதுரத்தை நாலரை மடங்கு. அந்த அளவில், நல்ல லென்ஸும் வேகம் குறைந்த (அதிக வெளிச்சம் கேட்கிற, துகள் நுண்மையான) பிலிமும் இருந்தால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்ல நானே தடுமாறியிருக்கிறேன். 16×20 தாளுக்குப் போனால் கதை மாறிவிடும். சின்னது பதினேழு மடங்கு பெரிதாக வேண்டும், சதுரத்துக்கு ஒன்பது மடங்கு போதும். உன் சின்னக் கேமரா 8×10-இல் தருகிற தரத்தைச் சதுர நெகட்டிவ் கிட்டத்தட்ட 16×20 வரைக்கும் கொண்டுபோகும்.

எல்லோரும் கூர்மையைப் பற்றியே பேசுகிறார்கள். இருட்டறையில் என்னைக் கட்டிப்போட்டது கூர்மை அல்ல, சாம்பல் நிறங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தை நினைத்துக்கொள். வெளிச்சம் விழுந்த கன்னத்திலிருந்து காதோர நிழல் வரை எத்தனை சாம்பல்கள்! பெரிய நெகட்டிவில் அவை ஒன்றுக்குள் ஒன்று கரைந்து இறங்கும். சின்ன நெகட்டிவை அதே அளவுக்கு இழுத்தால் அந்தக் கன்னத்தில் மணல் தூவியதுபோலப் பிலிமின் துகள் தெரியும். இல்ஃபோர்ட் எச்பி5 என்ற 400 வேகக் கருப்பு-வெள்ளைப் பிலிம் இரண்டு அளவிலும் கிடைக்கிறது, துகளும் ஒன்றுதான். ஒன்றைப் பதினேழு மடங்கும் இன்னொன்றை ஒன்பது மடங்கும் பெருக்கிப் பார்க்கிறோம், அவ்வளவே. அதனால்தான் 120-இல் 400 வேகப் பிலிமைப் பயமில்லாமல் போடலாம். 35-இல் அதே வழவழப்பு வேண்டுமென்றால் 50 அல்லது 100 வேகத்துக்கு இறங்க வேண்டும். தூசியும் அப்படித்தான். நெகட்டிவில் ஒட்டிய ஒரு பொட்டு, பதினேழு மடங்கில் தாளில் வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும்.

ஆனால் பெரிய நெகட்டிவ் தன் பங்கைக் கேட்காமல் விடாது. அதில் 80 மி.மீ. லென்ஸ்தான் சாதாரண லென்ஸ். 35-இல் 50 மி.மீ. லென்ஸ் தருகிற அளவுக்கு முன்னும் பின்னும் தெளிவு வேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தை ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக மூட வேண்டும் (ஒரு ஸ்டாப் மூடினால் வெளிச்சம் பாதியாகும்). 1/125 விநாடியில் முடிகிற வேலை 1/60-க்கும் 1/30-க்கும் நடுவே போய்விடும். உன் தாத்தாவைச் சாயங்கால வெளிச்சத்தில் சதுரக் கேமராவில், ஸ்டாண்டு இல்லாமல், கையில் பிடித்தே எடுத்தேன். பன்னிரண்டு படம். ஒன்றில்கூடக் கண்கள் துலக்கமாக இல்லை. அன்று தோளில் சின்னக் கேமராவை மாட்டிக்கொண்டு போயிருந்தால் இன்று சுவரில் அவர் இருந்திருப்பார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஸ்டாண்டு தூக்க உனக்கு மனமில்லை என்றால் பெரிய கேமரா வாங்காதே. கை நடுங்கி எடுத்த சதுரப் படம், ஊன்றி எடுத்த 35-க்கு ஈடாகாது.

ஓடுகிற குழந்தைகளுக்கும் பயணத்துக்கும் ஒரு ரோலில் 36 படம் தருகிற கேமராதான் சரி. அதை விற்றுவிடாதே.

வயதானவர்களின் முகங்களை எடுத்துப் பெரிதாக மாட்டப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் மீடியம் ஃபார்மேட் என்பேன். 6×7 (அதே 120 பிலிமில், சதுரத்தைவிடச் சற்று நீளமான படம்) கிடைத்தால் எனக்கு இன்னும் பிடிக்கும்: 8×10, 16×20 தாள்களின் விகிதத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். சதுரத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எறிய வேண்டும். 6×7-இல் ஒரு ரோலுக்குப் பத்துப் படம்தான். மமியா ஆர்பி67 போன்ற 6×7 கேமராக்கள் இரண்டரைக் கிலோ கனக்கும். நாற்காலியில் அமர்ந்திருப்பவரை எடுக்க அது பெரிய குறையில்லை. வாங்குமுன் நீ பிரிண்ட் போடுகிற இடத்து என்லார்ஜர் (நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழச் செய்யும் கருவி) அந்த நெகட்டிவை ஏற்குமா என்று கேள். 35-க்குப் போடும் 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் இதன் மூலைகளை எட்டாது.

பணத்தைக் கட்டுமுன் ஒன்று செய். உன் 35 மி.மீ. நெகட்டிவ்களில், ஸ்டாண்டில் வைத்து எடுத்த நல்ல முகம் ஒன்றை எனக்கு அனுப்பு. 16×20-இல் போட்டு அனுப்புகிறேன். சுவரில் ஒட்டி, நீ வழக்கமாக நிற்கும் தூரத்திலிருந்து ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுது. அதுவே போதும் என்று தோன்றினால் புதுக் கேமரா வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பிலிமும் தாளும் வாங்கிக்கொள்.

நெகட்டிவை உறையில் போடும்போது இரண்டு பக்கமும் அட்டை வை. மடிந்தால் கோடு விழுந்துவிடும்.

அன்புடன்,
அம்மா