கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்ன அத்தைக்குக் கால் வலி தேவலை. மாடி வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் ஆய்வேட்டை மறுபடி எடுத்து முதல் அத்தியாயத்தைப் படித்தேன். பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தியவளுக்கே சில இடங்கள் மெதுவாகத்தான் ஏறின. உலோகத்தில் ஒட்டியிருக்கும் மூலக்கூறை எலக்ட்ரான் தாக்கினால் பிணைப்பு தளர்ந்து அது கிளம்பப் பார்க்கிறது. ஆனால் பெரும்பாலும், அது தப்புவதற்குள் உலோகம் அந்த ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு மூலக்கூறைத் திரும்ப இருத்திவிடுகிறது. எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய்! எதிர்வீட்டு சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

தம்பி ஏதோ சொன்னான். நான் துருவவில்லை. ஆனால் 1964 பற்றி நீயே எழுதியிருக்கிறாய் பார். சிகாகோவில் மென்ஸலும் கோமரும், உங்கள் ஒட்டாவாவில் ரெட்ஹெட்டும், தனித்தனியாக யோசித்து, மூலக்கூறு இப்படிக் கிளம்புவதற்கு ஒரே வருஷத்தில் ஒரே விளக்கத்தை வெளியிட்டார்கள். இன்றைக்கும் மூன்று பேர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். யாருடையது எந்த மாதம் வந்தது என்று யார் கேட்கிறார்கள்?

அதோடு முடிந்தும் போகவில்லையே. டைட்டானியம் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் ஏன் நேர்மின் அயனியாக வெளியேறுகிறது என்பதற்கு அந்த விளக்கம் போதவில்லை. 1978இல் நோடெக்கும் ஃபெய்பல்மனும் வந்தார்கள். டைட்டானியத்தின் உள் எலக்ட்ரான் கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் போய்விட, அந்தக் காலி இடத்தை ஆக்சிஜனின் எலக்ட்ரான் நிரப்ப, கூடவே அதன் வேறு எலக்ட்ரான்களும் பறிபோய், அது நேர்மின் அயனியாகித் தள்ளப்படுகிறது என்றார்கள். ஒருவர் எழுதிவிட்டார் என்பதற்காக வேலை தீர்ந்துவிடாது, கயல்.

பரிசு வாங்கினால் அடுத்த நிமிஷம் சொல்கிறாய். மற்றதை மட்டும் தம்பியிடம் சொல்வது என்ன நியாயம்? உங்கள் ஊர் கணக்குக்கு விடியற்காலை மூன்று மணிக்கு நீ வாட்ஸ்அப்பில் இருந்தது இங்கே தெரிகிறது. தூங்கு, அம்மா. சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அப்புறம், உன் சோதனையில் எத்தனை எலக்ட்ரான் வோல்ட்டில் மூலக்கூறு கிளம்ப ஆரம்பிக்கிறது? அந்த அத்தியாயத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிச் சொல். சாப்பிட்டுவிட்டுப் பண்ணு.

அன்புடன்,
அம்மா