சாட்டிலைட்டுக்கு உன்னைத் தெரியாது

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியமாமா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. யார் வந்தார்கள், யார் முறைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அம்மா சொல்வாள்.

மேப்பில் நீ இருக்கும் இடத்தைக் காட்டும், உன் போட்டோ போட்ட வட்டம் இப்போது வருவதில்லை. நீயே நிறுத்தினாயா, போன் மாற்றினாயா என்று நான் கேட்கவில்லை. அம்மாதான் கவலைப்படுகிறாள். "மேலே அத்தனை சாட்டிலைட் சுற்றுகிறதே, என் பெண் எங்கே இருக்கிறாள் என்று ஒன்றுக்குமா தெரியாது?" என்று ராத்திரி கேட்டாள். தெரியாது என்றேன். நம்பவில்லை. ரிட்டயர்டு சர்வேயர் பேச்சு இந்த வீட்டில் எப்போது எடுபட்டது?

அவளுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்தி எழுது. ஜிபிஎஸ் சாட்டிலைட் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தான் எது, எங்கே இருக்கிறது, தன் கடிகாரத்தில் மணி என்ன என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி மாதிரிதான், யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. உங்கள் பக்கத்து ஐரோப்பிய கலிலியோ சாட்டிலைட்டுகளும் அப்படித்தான். நேர் தலைக்கு மேலே இருப்பதிலிருந்து சிக்னல் வர, விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். அந்தத் தாமதத்தை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடம் கண்டுபிடிக்க மூன்று தூரம் போதும். ஆனால் போனில் இருப்பது சாதாரணக் கடிகாரம். மைக்ரோவிநாடி பிசகினால் 300 மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் நாலாவதையும் கேட்டு, தன் பிழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும். போன் தான் கண்டுபிடித்ததை இன்டர்நெட்டில் அனுப்பினால்தான் எங்களுக்குத் தெரியும். இதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

1802-ல் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளந்த கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்தார்கள். இப்போது பையன்கள் வயலில் டிஜிபிஎஸ் கருவியை நட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள், சென்டிமீட்டர் கணக்கில் அளவு வருகிறது! லீவு நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வரப்பில் நடந்தவள் நீ. இன்றைக்கு ஹெல்சிங்கியில் இன்ஜினியர். ஊரில் எல்லோரிடமும் சொல்கிறேன். சொன்னதும் "போன் பண்ணுகிறாளா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஜிபிஎஸ் மாதிரி நம் நாடே அமைத்த நாவிக்கில் முதல் சாட்டிலைட்டின் அணுக்கடிகாரங்கள் மூன்றும் பழுதாகிவிட்டன. கடிகாரம் போனால் வழிகாட்ட அது உதவாது. 2023 மே மாதம் அனுப்பிய என்விஎஸ்-01 என்ற நாவிக் சாட்டிலைட்டில் இங்கேயே செய்த ருபீடியம் அணுக்கடிகாரத்தை வைத்தார்கள். அன்றைக்கு உன்னிடம் ஒரு மணி நேரம் இதையே பேசினேன், நினைவிருக்கிறதா? அப்போதெல்லாம் போனை எடுப்பாய்.

பால்டிக் கடல் பக்கம் ஜிபிஎஸ் சிக்னலை யாரோ அமுக்குகிறார்களாமே. அவ்வளவு தூரத்திலிருந்து வருவதால் சிக்னல் மிகவும் மெலிந்திருக்கும், இரைச்சலில் அமுக்குவது சுலபம். 2024-ல் உங்கள் ஊர் விமானக் கம்பெனி ஃபின்ஏர் இதனால் எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்கு ஒரு மாதம் விமானமே விடவில்லை. நீ அந்தப் பக்கம் போவதாகச் சொன்னாயே, போனாயா? யாரோடு என்று கேட்கவில்லை. போன் காட்டுகிற வழியை மட்டும் நம்பிப் போகாதே. போனில் சார்ஜ் வைத்துக்கொள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

கோயம்புத்தூர் பையன் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. தரகரையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் சம்மதம்தான். அந்த விஷயத்தை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றிருந்தேன், சரி, எழுதியாகிவிட்டது.

வட்டத்தைத் திரும்பப் போடு என்று சொல்லவில்லை. சார்ஜ் மட்டும் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆறு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்புவாள், உனக்கு அப்போது மதியம் இரண்டரை. அதற்கு முன்னால் கூப்பிட்டால் அவள் எடுப்பாள். அப்புறம் என்றால் நான்தான் இருப்பேன்.

அப்பா