மொத்த ஈ.ஆர்.கே. பட்டை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டக் கல்லூரிகளில் மூலிகைச் சாற்றைப் புற்றுநோய் செல்லில் சோதித்துப் பார்த்த செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. மருந்துவாழ்மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாணவர்கள் வேறு எதைத் தேடிப் போவார்கள்? அந்த ஆய்வேடுகள் பலவற்றில் கடைசியாக ஒரு வெஸ்டர்ன் பிளாட் படம் இருக்கும். செல்லின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் அதைக் கறுப்புப் பட்டையாகக் காட்டும் முறை அது. சாற்றின் அளவு கூடக் கூடக் கறுப்புப் பட்டை மங்கிக்கொண்டே போகும். 'ஈ.ஆர்.கே. செயல்பாடு குறைந்தது' என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் படத்தை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று சொல்லவே இக்கடிதம்.

'வளர், பெருகு' என்று செல்லுக்கு வெளியிலிருந்து வரும் சேதியை உட்கருவுக்குக் கொண்டுசேர்க்கும் புரதங்களில் ஒன்று ஈ.ஆர்.கே. 44, 42 கிலோடால்டன் எடையில் இரண்டு வடிவம். சேதி வந்ததும் அதன்மேல் இரண்டு இடத்தில் பாஸ்பேட் ஏறும், மனித ஈ.ஆர்.கே.1 என்றால் 202ஆம் இடத்து த்ரியோனின், 204ஆம் இடத்து டைரோசின் என்ற அமினோ அமிலங்களில். பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிக்க ஓர் ஆன்டிபாடி உண்டு, அது காட்டுவது பாஸ்போ பட்டை. ஏறினாலும் ஏறாவிட்டாலும் புரதத்தைப் பிடிக்க இன்னொன்று உண்டு, அது காட்டுவது மொத்தப் பட்டை. விலையைப் பார்த்துவிட்டு முதலாவதை மட்டும் வாங்குகிறார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது. சாறு செல்லைக் கொன்று புரதமே குறைந்திருந்தாலும் பாஸ்போ பட்டை மங்கத்தான் செய்யும். மொத்தப் பட்டை மாறாமல் நிற்க, பாஸ்போ பட்டை மட்டும் இறங்கினால்தான் அது சேதி அடங்கியதற்குச் சாட்சி.

மூலிகைச் சாற்றுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. புரத அளவைப் பெரும்பாலும் பி.சி.ஏ. முறையில்தான் பார்க்கிறார்கள். அதில் புரதம் செம்பு அயனிக்கு எலக்ட்ரான் கொடுக்க, ஊதா நிறம் வரும். சாற்றிலுள்ள பாலிபீனால்களும் அதே வேலையைச் செய்யும். செல்லைச் சரியாகக் கழுவாவிட்டால் சாறு கூடிய கிணற்றில் (செல் வளர்க்கும் தட்டின் குழியில்) புரதம் கூடுதலாக இருப்பதாகக் கருவி காட்டும். 25 மைக்ரோகிராம் என்று நம்பி ஏற்றுவது உண்மையில் 15 ஆக இருக்கலாம். பட்டை மங்கும், மூலிகை வென்றதாக எழுதுவோம். குளிர்ந்த பி.பி.எஸ். உப்புக் கரைசலில் செல்லை இரண்டு முறை கழுவுங்கள். எல்லாப் புரதத்தையும் சிவப்பாக்கும் பான்சோ சாயத்தில் மெம்பரேனை ஐந்து நிமிடம் முக்கிப் பாருங்கள். எல்லா வரிசையும் ஒரே சிவப்பில் இல்லையென்றால் மேற்கொண்டு ஆன்டிபாடியைச் செலவழிக்க வேண்டாம்.

பட்டையே வராவிட்டால் 'ஆன்டிபாடி கெட்டுப்போச்சு' என்பதுதான் முதல் தீர்ப்பு. பார்சலில் ஐஸ் ஜெல் உருகியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆன்டிபாடி சின்னமுட்டத்து மீன் அல்ல. ஒருநாள் வழியில் சூடு பட்டதால் பொதுவாக அது வீணாவதில்லை. வீணாவது செல்லிலிருந்து நாம் எடுக்கும் புரத மாதிரிதான். செல் உடைந்த நொடியிலேயே பாஸ்படேஸ் நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றத் தொடங்கிவிடும். தட்டு ஐஸ்மேல் இருக்க வேண்டும். செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில், அந்த நொதிகளைத் தடுக்க, சோடியம் ஃபுளோரைடு 10 மில்லிமோலார், ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார் இருக்க வேண்டும். வனடேட்டைத் தண்ணீரில் கரைத்து அப்படியே ஊற்றினால் பலனில்லை. 200 மில்லிமோலார் கரைசலை பி.எச். 10க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாக இருக்கும். அது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதன் நிறம். நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மறுபடி பி.எச். 10 ஆக்க வேண்டும். திரும்ப மஞ்சளானால் திரும்பக் கொதிக்கவைக்க வேண்டும். தண்ணீர்போல் நின்றபின் சிறுசிறு குழாய்களில் பிரித்து உறைய வைக்கலாம். சிரமம்தான், ஆனால் பாஸ்போ பட்டை நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த மஞ்சளில்தான்.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மெம்பரேனை மூடும் பிளாக்கிங்குக்குப் பால்பவுடர் மலிவு என்று எடுப்பவர்கள், பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதை நினைவில் கொள்ளட்டும். பின்னணி கறுத்துப் பட்டை அதில் மூழ்கலாம். 5 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரப் புரதம்), 0.1 சதவீத ட்வீன் கலந்த டி.பி.எஸ். கரைசல் என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஆன்டிபாடி 1:1000, 4 டிகிரியில் இரவு முழுக்க. முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியோடு, கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு சேரக்கூடாது, அதில் ஒட்டியுள்ள ஒளி தரும் எச்.ஆர்.பி. நொதியை அது முடக்கிவிடும்.

பாஸ்போவும் மொத்தமும் ஒரே உயரத்தில் விழுவதால், முதலில் பாஸ்போவைப் பார்த்து, மெம்பரேனை உரித்து (ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றி), பிறகு மொத்தத்தைப் பார்ப்பார்கள். உரித்ததும் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்டு ஒளி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பழையது போகவில்லை. இரண்டு ஜெல் ஓட்டுவது இன்னும் நிம்மதி.

ஒப்பீடு இல்லாத படத்துக்கு மதிப்பில்லை. இரவெல்லாம் சீரம் இல்லாமல் வைத்த செல் ஒன்று. அதற்கே, சேதியைத் தூண்டும் டி.பி.ஏ.வை 200 நானோமோலாரில் பத்து நிமிடம் கொடுத்தது ஒன்று. சேதியைத் தடுக்கும் யூ0126 மருந்தை 10 மைக்ரோமோலாரில் ஒரு மணிநேரம் வைத்துவிட்டு டி.பி.ஏ. கொடுத்தது ஒன்று. நடுவில் உள்ளதில் பட்டை பளிச்சென்று வந்து, மூன்றாவதில் மறைந்தால் ஆன்டிபாடியும் சரி, கையும் சரி. சாற்றைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ. மட்டும் அதே அளவு போட்ட கிணறும் அவசியம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பயப்பட வேண்டாம். பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்த ஆன்டிபாடிக் குப்பி மைனஸ் 20இல் உறைவதே இல்லை. அதைப் பிரித்துவைக்கவும் தேவையில்லை. தானே பனியுருக்கும் ஃபிரீசரின் கதவோரம் மட்டும் வேண்டாம். அங்கே வெப்பம் ஏறி ஏறி இறங்கும்.

செலவுக்கும் வழி இருக்கிறது. 100 மைக்ரோலிட்டர் குப்பியை 1:1000இல் ஒரு பிளாட்டுக்கு 10 மில்லிலிட்டராகக் கலந்தால் பத்து பிளாட். 50 மில்லிலிட்டர் குழாய்க்குள் மெம்பரேனைச் சுருட்டி உருட்டினால் 5 மில்லிலிட்டரே போதும், இருபது வரும். ஒரு கல்லூரி பாஸ்போவும் பக்கத்துக் கல்லூரி மொத்தமும் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் இரண்டு இடத்திலும் படம் முழுமையாகும். தங்கள் நிருபர்களும் அடுத்த மூலிகைச் செய்திக்குப் போகும்போது, 'மொத்த ஈ.ஆர்.கே. பட்டை எங்கே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதும்படிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
நாகர்கோவில்.